ராணி இன்று யார் சொல்லுக்கு நடந்தது

செவ்வாய்க்கிழமை

கட்டை மாமா, குதிரையிலிருந்து இறங்கும்போது பிசகிய என் கணுக்காலின் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனாலும் இன்னும் ஒரு வாரம் ஏறக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் செமினி ஊரிலுள்ள நம் குதிரை லாயத்துக்குப் போய், வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் பழக்கிய குதிரை ராணியிடம் தமிழில்தான் பேசுவீர்கள். வேறு யார் ஏறினாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கும். நீங்கள் போய் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி நான் ஏறி, உங்களைப் போலவே "போடி தங்கம்" என்றேன். நடந்தது. அதைப் பார்த்துத்தான் லாயத்து முதலாளி, குதிரை ஓட்டும் உங்கள் வேலையை எனக்குக் கொடுத்தார்.

மூன்று வாரத்துக்கு முன் புதிதாக வேலைக்கு வந்த இந்தோனேசியாக்காரர் இன்று ராணி மேல் ஏறினார். "ஜாலான்" என்று, 'நட' என்பதற்கு மலாயில் ஒரே வார்த்தைதான் சொன்னார். ராணி தலையை ஆட்டிக்கொண்டு மூன்று சுற்று ஓடியது.

தீவனம் வைக்கும் லதா கையைத் தட்டிச் சிரித்தாள். "அக்கா, உங்க குதிரை மலாய் பேசுதுலா!"

"மூனு வாரத்துல படிச்சிருச்சுடி. நான் இங்கேயே பொறந்து இன்னும் தடுமாறுறேன்" என்று சொல்லி நானும் சிரித்தேன்.

"அப்ப நீங்க காலு நல்லா ஆறுனதும் மெதுவா வாங்க. அவசரமில்ல" என்றாள்.

வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம் இருக்கிறது. அதைவிட இதுதான் உறுத்துகிறது. உங்கள் நினைவில்தான் ராணி என்னைச் சுமக்கிறது என்று இத்தனை மாதமும் நம்பியிருந்தேன். அன்று என்னை ஏற்றிக்கொண்டு நடந்ததே, அப்போதே அது உங்களை மறந்திருந்ததா மாமா?