எனக்குப் பரிமாறிய மேசை

அன்புள்ள அம்மாவுக்கு, லிதியா வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று கப்பலில் மாறுவேட விருந்து. நான் பரிமாறும் மேசையில் தினமும் சாப்பிடும் சிட்னிக் குடும்பம் கடற்கொள்ளையராக வரும் என்றிருந்தேன். அவர்களோ வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, காதோரம் செம்பருத்தி என்று ஐந்து பேரும் என்னைப் போலவே வந்து நின்றார்கள்!

"இன்னைக்கு நாங்கதான் பரிமாறுவோம். நீ உக்காரு, லிதியா," என்றாள் கடைக்குட்டி மேடி.

மேற்பார்வையாளரைப் பார்த்தேன். "பத்து நிமிஷம்தான்," என்று சிரித்தார்.

மேடி சூப்பைச் சிந்திக்கொண்டே கொண்டுவந்தாள். "வீட்ல உனக்கு யாரு பரிமாறுவா?"

"எங்கம்மா," என்றேன். கப்பலில் வேலைக்கு வந்த ஏழு மாதத்தில் நேற்றுதான் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி கப்பல் நம் சுவா துறைமுகத்தில் நிற்கும். தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். மணி அடிக்கிறது, ஓட வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் நீங்களே கொண்டு வாருங்களேன், அம்மா.

லிதியா