கராஜுக் குசினியும் மொஸ்கோவில் பிறந்த சுவீடன்காரரும்

யூன் 9, ஞாயிறு

ஊரை விட்டு வந்து மில்லிக்கனில் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து என் சமையல் கார் விடுகிற கராஜுக்குள்தான். உள்ளே பளபளவென்று ஒரு குசினி இருக்கிறது. அது வருகிறவர்கள் பார்ப்பதற்கு. அதில் தேத்தண்ணீருக்கு மேல் ஒன்றும் வைக்கக் கூடாது, மீன் மணம் சோபாவில் ஏறிவிடுமாம். போன தை மாதம் ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு அங்கே சூடை மீன் பொரித்தேன். இன்னொரு குளிருக்கு அங்கே நிற்க மாட்டேன். நிற்கவே மாட்டன், சொல்லிப்போட்டன்.

இவருக்கோ வீட்டு முகப்பில் நாலு தூண் வேண்டுமாம். ஏன்? றெக்ஸ்டேலில் இவருடைய அண்ணை தன் வீட்டு வாசலில் இரண்டு சிங்கச் சிலை வைத்துவிட்டார்.

யூன் 15, சனி

மகள் மயூரி தன் ஆய்வுக்கு ஒரு கட்டடக் கலைஞரைப் பிடித்து வைத்திருக்கிறாள். மனுசன் செத்து முன்னூறு வருஷம். தகப்பன் சுவீடன்காரர், இவர் பிறந்ததும் தொழில் பழகியதும் மொஸ்கோவில். சண்டை வந்ததும் ருஷ்யர்கள் "நீ சுவீடன்காரன்" என்று துரத்த, ஸ்டொக்ஹோமுக்கு ஓடினாராம். அங்கே "நீ ருஷ்யன்" என்றார்களாம். இந்தக் கதை எங்களுக்குத் தெரியாததா! கட்டியதெல்லாம் எரிந்தும் இடிந்தும் போய், மிச்சம் ஒரு படிக்கட்டு.

நான் கராஜில் மீன் வெட்ட, பக்கத்தில் நின்று சொன்னாள்: "ஆள் சரியான ஸ்மார்ட் அம்மா. மொஸ்கோ அரசரிட்ட, 'ஸ்டொக்ஹோமில இப்பிடித்தான் கட்டீனம்' எண்டு பொய் சொல்லுவார். ஸ்டொக்ஹோம் அரசரிட்ட, 'மொஸ்கோவில இப்பிடித்தான்' எண்டுவார். ரெண்டு பேரும் போட்டிக்கு ஓம் எண்டிடுவினம்."

"கள்ளன்! ஒருத்தரும் விசாரிக்கேல்லையோ?"

"அதுதான் தெரியேல்ல. புரொபெசரும் அதைத்தான் கேக்கிறார்."

யூன் 16, ஞாயிறு

சோற்றைப் போட்டுக்கொண்டே இவரிடம் சொன்னேன்: "அண்ணை வீட்டில இனி கராஜில இல்லையாம், உள்ளுக்கைதானாம் சமையல். குசினியைப் பெருப்பிச்சு, கதவு வைச்சு, பெரிய புகைபோக்கியும் பூட்டப் போயினமாம்."

இவருடைய கை சோற்றுக் கோப்பையில் நின்றுவிட்டது. "ஆர் சொன்னது?"

"மச்சாள்."

மச்சாளோடு, அதுதான் அண்ணையின் மனுசியோடு, நான் சித்திரை வருஷப்பிறப்புக்குப் பிறகு கதைக்கவேயில்லை.

யூன் 17

அளவு நாடாவோடு உள்குசினியில் நிற்கிறார். நான் ஒன்றும் தெரியாதவள் போலத் தேத்தண்ணீர் வைத்தேன்.

யூலை 6, சனி

கட்டட வேலைக்காரர் வந்து பார்த்தார். தூண், குசினி, இரண்டில் ஒன்றுதான் இந்த வருஷம் முடியுமாம். இவர் முகப்பைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். ஐயோ, குசினிக்கு ஓம் எண்டு சொல்லித் துலையுங்கோவன்!

ஓகஸ்ட் 18, ஞாயிறு

குடி கெட்டுது. அண்ணையும் மச்சாளும் சாப்பிட வந்துவிட்டார்கள். சகோதரங்கள் இரண்டும் பின்வளவில் நின்று கனநேரம் கதைத்தார்கள். நான் கராஜ் யன்னலால் எட்டி எட்டிப் பார்த்து, கணவாய்க் கறியை அடிப்பிடிக்க விட்டேன். என்ன சொல்லிச் சமாளிக்கிறது? மச்சாளில் பழியைப் போடலாமோ?

இவர் உள்ளே வந்தார். அடிப்பிடித்த கறியை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அண்ணை தன் சிங்கங்களைப் பற்றியே கதைத்துவிட்டுப் போனார். தப்பினேன்.

ஓகஸ்ட் 19

தூண் வேண்டாமாம். குசினியாம்! கராஜுக்குள் தனியே போய் ஓர் ஆட்டம் போட்டேன்.

ஒக்ரோபர் 12, சனி

வீடு முழுக்கத் தூசி. அண்ணை வீட்டுக் குசினி என்று நான் விட்ட பொய்யை மயூரிக்குச் சொன்னேன். சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அப்பா கண்டுபிடிச்சால்?"

"ரெண்டு அரசர்மாரே கண்டுபிடிக்கேல்ல, கொப்பாவோ பிடிக்கப்போறார்!"

நவம்பர் 30, சனி

ஸ்நோ கொட்டுகிறது. கார் கராஜுக்குள், நான் வீட்டுக்குள். சூடை பொரித்தேன். இவர் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து அடுப்படியில் இருந்தார். இத்தனை வருஷத்தில் நான் சமைக்கும்போது பக்கத்தில் வந்து இருந்ததே இல்லை. ஒரு மீனை எடுத்து ஊதி ஊதித் தின்றார்.

"அண்ணை வீட்டில இன்னும் கராஜுக்கைதான் சமைக்கினம்."

நான் அடுப்பைக் குறைத்தேன். "ஆர் சொன்னது?"

"அண்ணைதான். அண்டைக்குப் பின்வளவில."

"அப்ப ஏன் கட்டினீங்கள்?"

"பொய் சொல்லிக் கேக்கிற அளவுக்கு உனக்கு அங்க குளிருது எண்டு அப்பதான் விளங்கிச்சுது. இன்னொரு மீன் போடு."

கண் நிறைந்துவிட்டது. புதுப் புகைபோக்கி நன்றாக இழுக்கிறது, புகையென்று சொல்லித் தப்பவும் முடியவில்லை.

பிறகு மயூரிக்குப் போன் எடுத்தேன். "உன்ர அரசர்மாருக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கும். அப்பிடியே எழுது."

"அதுக்கு ஆதாரம் வேணும் அம்மா."

"கொப்பா எண்டு போடு."