பக்கத்து மாநிலத்தின் பங்கு

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால், இருக்கிறேன். ஆபீஸில் லிஃப்ட் பழுது. எங்கள் நிதித்துறை ஐந்தாவது மாடியில். ஏறி முடிக்கும்போது மூட்டு இரண்டும் தனித்தனியாக ராஜினாமா கடிதம் கொடுக்கின்றன. போனில் சொன்னால் பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். கடிதத்தில்தான் உன்னிடம் முழுசாகப் புலம்ப முடிகிறது.

ஒரு வேடிக்கை கேள். மத்திய அரசின் நிதிப் பங்கீட்டு ஆணையம் ஆகஸ்டில் உட்காருகிறது. மத்திய அரசு எங்களுக்கு எவ்வளவு செலவு செய்கிறது, பக்கத்து மாநிலத்துக்கு எவ்வளவு செய்கிறது என்று ஒப்பிட்டு அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பக்கத்து மாநிலம் என்றால் உங்கள் மாநிலம்தான்! தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் நாங்கள்தான் அதிகம் வாங்குகிறோமாம். எப்படி என்று தோண்டினால், கடற்படைத் தளத்தின் செலவு முழுவதும் எங்கள் பேரில் இருக்கிறது. முள்வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிற எங்கள் ஜனங்களுக்கு அதில் என்ன கிடைத்தது? ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு ஆட்கள் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.

உங்கள் நிதித்துறையில் உன்னோடு வேலை செய்பவர்களில் இந்த அறிக்கையை யார் எழுதுகிறார்கள்? அவரிடம் என்மேல் கொஞ்சம் இரக்கம் காட்டச் சொல். அத்தானைக் கேட்டதாகச் சொல். உன் சின்ன மகளுக்கு மசக்கை தேவலையா?

உன்,
வாயாடி


ஜூன் 15

என் வாயாடித் தங்கைக்கு,

உங்கள் பக்கம் நீ என்றால் எங்கள் பக்கம் வேறு யார்? நான்தான். உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்ததில் அத்தான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு மாநிலச் சண்டையும் ஒரே வீட்டுலயா? பேசாம உங்கம்மாவே தீர்ப்பு சொல்லியிருக்கலாம்" என்கிறார்.

சின்னவளுக்கு வாந்தி நின்றுவிட்டது. ஆனால் அவள் இருப்பது ஆற்றுக்கு அந்தப்பக்கம். வெள்ளம் வந்தால் படகுதான் வழி. அங்கே ஒரு மருந்தகம் வந்துவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

வந்திருக்க வேண்டியதுதான். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? ஆற்றங்கரை மருந்தகங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. மூன்று வருஷமாகப் பாதிக்குமேல் திரும்பிப் போகிறது. கட்டட எஞ்சினியர் பதவிகள் காலி. பணம் இருக்கிறது, கையெழுத்துப் போட ஆள் இல்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் திருப்பி அனுப்பும் கடிதத்தை நானே டைப் அடிக்கிறேன். ஆட்களைப் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டது. மேலே யாரும் அசையவில்லை. அப்புறம் அதே கையால், எங்களுக்கு இன்னும் கொடுங்கள் என்று அறிக்கை எழுதுகிறேன். வெள்ளத்துக்குக் கொடுப்பது நிஜமாகவே போதவில்லை என்பதால்தான் எழுதுகிறேன். ஆனாலும் கூசுகிறது. இந்த வருஷம் ரொம்பக் களைத்துவிட்டேன்.

ஆணையத்தின் விசாரணைக்குத் தலைநகரம் வருவாய் அல்லவா? ஒரே அறையாகப் போட்டுவிடலாம்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. அறிக்கையை ஏழெட்டுத் தடவை திருத்திவிட்டார்கள். கடற்படைத் தளத்தைக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது என்று ஆணையம் சொல்லிவிட்டதாம். எங்கள் இயக்குநர் முகம் விழுந்துவிட்டது. "வேற ஏதாவது கையில இருக்காம்மா? உங்கக்கா அங்கதான இருக்காங்க?" என்று கேட்டார். பெரிய இடத்துப் பேச்சு, விடு.

அறை போட்டுவிட்டேன். ஜன்னலோரக் கட்டில் உனக்கு. ரொம்ப அலையாதே, வேளைக்குச் சாப்பிடு.

உன்,
தங்கை


ஆகஸ்ட் 19

தங்கைக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். ரயிலில் உன்னோடு பேசாமல் வந்ததற்குக் காரணம் தலைவலி என்று சொன்னேன். தலைவலி இல்லை.

விசாரணையில் நடந்தது உனக்குத் தெரியும், எதிர்வரிசையில்தானே உட்கார்ந்திருந்தாய். ஆணையத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "கொடுத்ததையே திருப்பி அனுப்புறீங்க. இன்னும் எதுக்கு?" மருந்தகம், எஞ்சினியர், மூன்று வருஷம், எல்லாம் உங்கள் அறிக்கையில் இருந்து வாசித்தார். 'பணம் இருக்கிறது, கையெழுத்துப் போட ஆள் இல்லை.' அது என் வாக்கியம். உனக்கு எழுதின வாக்கியம். ஒரு சொல்லைக்கூட நீ மாற்றவில்லை. நான் நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

எங்கள் செயலாளர் வெளியே வந்ததும், "இது எப்படிம்மா அவங்களுக்குப் போச்சு?" என்றார். தெரியாது என்று சொன்னேன். முப்பது வருஷ வேலையில் மேலதிகாரியிடம் சொன்ன முதல் பொய்.

அதையும் விடு. விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அறையில் என் காலைப் பிடித்துத் தைலம் தேய்த்துவிட்டாயே. அப்போதே அறிக்கை அச்சாகி ஆணையத்தில் இருந்ததல்லவா? எந்த மனசோடு தேய்த்தாய் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை.

நான் எழுதியதில் பொய் இல்லை. தணிக்கைக்காரர்கள் அடுத்த வருஷம் எப்படியும் கண்டுபிடித்திருப்பார்கள். தளத்தைக் கழிக்க முடியாது என்றான பிறகு எங்கள் கையில் ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் ஜூலையில் அங்கேயே போய்விட்டார். நான் தினமும் அவரைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போவேன். இயக்குநர் கேட்டபோது அந்த ஆளின் முகம்தான் வந்தது. சொல்லிவிட்டேன். எங்களுக்கு இப்போது பங்கு கூடியிருக்கிறது, மெஷின் வரும்.

உன் வாக்கியத்தை மாற்றி எழுதியிருக்கலாம். பலமுறை முயன்றேன். அதைவிட நன்றாக எனக்கு எழுத வரவில்லை.

அறையிலேயே உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். நீ பாதம் வீங்கிப் படுத்திருந்தாய். சொல்ல முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. அந்த மனசோடுதான் தேய்த்தேன்.

திட்டியாவது எழுது. பிரசவத்துக்கு நான் வரட்டுமா?

தங்கை


நவம்பர் 11

அன்புள்ள தங்கைக்கு,

உன் ஆகஸ்ட் கடிதமும் அதற்குப் பிறகு எழுதிய இரண்டும் வந்தன. சின்னவளுக்குப் பெண் குழந்தை. இருவரும் சுகம். படகு தேவைப்படவில்லை, முன்கூட்டியே இங்கே கூட்டி வந்துவிட்டோம்.

உன்னிடம் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நீ எழுதியதால் நல்லதும் நடந்தது. காலிப் பதவிகளை நிரப்பினால்தான் அடுத்த தவணை என்று ஆணையம் சொல்லிவிட்டது. நான் கேட்டுக் கேட்டு நடக்காதது ஒரே மாதத்தில் நடந்தது. புது எஞ்சினியர்கள் இருவர் என் அறைக்கு வந்து வணக்கம் சொன்னார்கள். வெள்ள நிதியில் வெட்டு விழுந்ததும் உண்மை. எது கூடுதல் எது குறைச்சல் என்று ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்னவோ. உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, தேய்ந்துவிட்டது.

பேர் வைக்க அடுத்த மாதம் கூப்பிடுகிறோம். கட்டாயம் வா, அத்தானும் எழுதச் சொன்னார். மாடி அறையை உனக்கு ஒழித்து வைக்கிறேன். உன் மூட்டுக்கு ஏறுவது சிரமம்தான். ஆனாலும் கீழே என் அறையில் இனி இரண்டு பேர் படுக்க முடியாது.

குழந்தைக்கு உன் நெற்றி. மழை விட்டுவிட்டது. இனி என்னைப் பற்றி விசாரித்தால் சௌக்கியம் என்றே எழுதுவேன். நீயும் அப்படியே எழுது.

இப்படிக்கு,
அக்கா