அதே சட்டிச் சாப்பாடு

கோத்தன்பர்க்
9 பிப்ரவரி 1983

திருமதி குன்வோர் அவர்களுக்கு,

நலம் என்று நம்புகிறேன். நீங்கள் அப்பாவை மணந்து மூன்று வருடமாகிறது. உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். போனில் கேட்கலாமென்றால் உங்கள் போன் சமையலறையில் இருக்கிறது, அப்பா பக்கத்திலேயே நிற்கிறார்.

நேற்று அவர் குரலே சரியில்லை. "ஒண்ணுமில்லம்மா, மேல்வயித்துல கொஞ்சம் பிசையுது" என்றார். கிறிஸ்துமஸுக்கு என்னோடு மூன்று வாரம் இருந்தாரே, வந்த புதிதில் வலித்ததோடு சரி. ஊறவைத்த மீன், உருளைக்கிழங்கு, கேக் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தார். உங்களிடம் திரும்பி வந்தார், வலியும் திரும்பி வந்துவிட்டது. மருந்துக்கடையில் பதினைந்து வருடமாக நிற்கிறவளுக்கு இது விசித்திரமாகத்தான் படுகிறது.

கொழுப்புக் கறியைக் குறையுங்கள். பழமும் பழத்தண்ணீரும் நிறையக் கொடுங்கள்.

இன்னொன்று. போன கோடையில் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு நான் விடுமுறைக்குப் போன வெளிநாட்டிலிருந்து மடியில் வைத்துச் சுமந்து வந்த நீலப்பூ ஜாடி என்ன ஆயிற்று? அம்மாவின் திரைச்சீலைகளைப் போல அதுவும் பரணுக்குப் போய்விட்டதா?

இப்படிக்கு,
யில்வா

*

லில்செலெ
15 பிப்ரவரி 1983

அன்புள்ள யில்வாவுக்கு,

உறையிலும் உள்ளேயும் 'திருமதி', 'அவர்கள்' எல்லாம் பார்த்து, வரி ஆபீஸிலிருந்துதான் ஏதோ வந்துவிட்டது என்று பயந்துபோனேன். நாங்கள் நலம் என்று எழுத முடியவில்லை. நான் நலம், உன் அப்பா நலமில்லை.

வலி நவம்பரில் ஆரம்பித்தது. நெஞ்செலும்புக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கிறதாம். மலச்சிக்கல் வேறு. வாய்க்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், புண் இல்லை. பித்தப்பையைப் படம் எடுத்தார்கள், கல் இல்லை. எங்கள் சுகாதார நிலையத்துக்குச் சொந்த டாக்டர் கிடையாது என்பது உனக்குத் தெரியும். தெற்கிலிருந்து ஒருவர் இரண்டு வாரத்துக்கு வருகிறார், ஆற்றில் மீன் பிடிக்கிறார், போய்விடுகிறார். அடுத்தவர் வந்து "எப்போலேர்ந்து வலிக்குது?" என்று முதலிலிருந்து தொடங்குகிறார். போன மாதம் வந்தவர் எல்லாம் மனசுதான் என்று சொல்லிவிட்டார். "என் மனசு இவ்ளோ கீழயா இருக்கு?" என்று உன் அப்பா கேட்டார்.

உன் ஜாடி பரணில் இல்லை. தினமும் அவர் கண்ணெதிரே இருக்கிறது. கொடுத்ததை முடக்கி வைப்பது கொடுத்தவரை அவமதிப்பது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். உன் அம்மாவின் திரைச்சீலைகளை நான் தொடவில்லை, பூச்சி தின்றுவிட்டது.

அன்புடன்,
குன்வோர்

*

கோத்தன்பர்க்
3 மார்ச் 1983

திருமதி குன்வோர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பா ஆறு கிலோ இளைத்துவிட்டதாக அவர் வாயாலேயே சொன்னார். உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஏன் இல்லை?

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். இருவருக்கும் ஒரே சட்டியில்தானே சமைக்கிறீர்கள்? ஒரே மேசையில்தானே சாப்பிடுகிறீர்கள்? அப்படியானால் உங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

போன கோடையில் கொட்டகையில் எலிமருந்து டப்பா ஒன்றைப் பார்த்தேன். இப்போதும் இருக்கிறதா? உங்கள் முதல் கணவர் எதனால் இறந்தார் என்று அப்பாவிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். வயிறுதானா?

யில்வா

*

லில்செலெ
10 மார்ச் 1983

யில்வாவுக்கு,

என் முதல் கணவர் மேல் மரம் விழுந்தது. ஊரே பார்த்தது. மரத்தை நான் வெட்டவில்லை.

எலிமருந்து இருக்கிறது, எலியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் சமாதானமாக இருக்கின்றன.

கிலோ கணக்கை எழுதாதது என் தவறு. நீ பயப்படுவாய் என்று விட்டேன். நீ சொன்னபடி கறியைக் குறைத்துவிட்டேன். காட்டு லிங்கோன் பழத்தண்ணீரைக் காலைக் கஞ்சியோடு நிறுத்தாமல் மாலையும் கொடுக்கிறேன். அப்படியும் வலி கூடித்தான் இருக்கிறது. மனுஷருக்கு எதற்கெடுத்தாலும் எரிச்சல். முகம் வெளுத்துப்போய்விட்டது.

நானும் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். உன்னிடம் ஓடிவர ஒரு சாக்கு வேண்டுமென்று வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாரோ என்று ஜனவரியில் எனக்குச் சந்தேகம் வந்தது. அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போய் வீட்டை விற்க வைக்க நீ ஏதோ ஓதுகிறாயோ என்றும் தோன்றியது. பிறகு ஒருநாள் மரக்கொட்டகையில், யாரும் இல்லை என்று நினைத்து அவர் மண்டியிட்டு முனகுவதைப் பார்த்தேன். அன்றோடு அந்தச் சந்தேகம் போயிற்று. உன் சந்தேகம் எப்போது போகும்?

குன்வோர்

*

லில்செலெ
8 ஏப்ரல் 1983

யில்வாவுக்கு,

ஈஸ்டருக்கு வந்து போனாய். இரண்டு நாளும் உன் பையிலிருந்தே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துத் தின்றாய். "வழியில சாப்பிட்டுட்டேன்" என்றாய். எங்கள் வீட்டு மாடிப்படியும் வழியில் சேர்த்தியோ என்னவோ. முப்பது வருடம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள் நான். ஒரு பிள்ளைகூட என் தட்டை அப்படிப் பார்த்ததில்லை.

அதுகூடப் பரவாயில்லை. நீ போன மறுநாளிலிருந்து உன் அப்பா நான் முதல் கரண்டி வாயில் வைக்கும்வரை காத்திருக்கிறார். நேற்று நான் உப்பு எடுக்க எழுந்தபோது தட்டை மாற்றி வைத்தார். நான் பார்க்காத மாதிரி உட்கார்ந்து அவர் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டேன். பிறகு கொட்டகைக்குப் போய் அழுதேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத்தான் சாயங்காலம் வலி வந்தது.

அவரிடம் என்ன சொன்னாய்? எனக்கே எழுது.

குன்வோர்

*

கோத்தன்பர்க்
14 ஏப்ரல் 1983

திருமதி குன்வோர் அவர்களுக்கு,

கேட்டதால் எழுதுகிறேன். "பார்த்துச் சாப்பிடுங்க அப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் புரிந்துகொண்டார் என்றால், அவருக்குள்ளும் அது ஏற்கெனவே இருந்திருக்கிறது.

ஆமாம், சந்தேகப்படுகிறேன். என்னிடம் இருந்தால் தேறுகிறார், உங்களிடம் இருந்தால் தேய்கிறார். வேறு எப்படி நினைக்கச் சொல்கிறீர்கள்? எனக்கு அம்மா இல்லை. இருப்பது அவர் ஒருவர்தான். நாகரிகம் பார்த்துக்கொண்டிருந்து அவரையும் இழக்க நான் தயாராக இல்லை.

இந்த மாதத்துக்குள் அவர் ரத்தத்தில் விஷம் இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். இல்லையென்றால் போலீஸுக்கு எழுதுவேன்.

யில்வா

*

லில்செலெ
6 மே 1983

யில்வாவுக்கு,

போலீஸுக்கு எழுதத் தேவையில்லை. உன் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நானே சுகாதார நிலையத்துக்குப் போனேன். இந்த முறை வந்திருந்தவர் சின்ன வயசு டாக்டர்.

"அவர் ரத்தத்துல விஷம் இருக்கான்னு பாருங்க" என்றேன்.

"விஷமா? யாரு சொன்னா?"

"அவர் பொண்ணு சொல்றா. நான்தான் வைக்கிறேனாம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ நீங்களே ஏன் வந்து கேக்குறீங்க?"

"நான் வைக்கலன்னு எனக்குத் தெரியும். பின்ன யாரு வைக்கிறான்னு தெரிய வேண்டாமா?"

சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ரத்தம் எடுத்து நகரத்துக்கு அனுப்பினார். நான்கு டாக்டர்களுக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியிருக்கிறது யில்வா. நீ சொன்னது சரி. விஷம்தான். காரீயம்.

முடிவு வந்த அன்றே உன் அப்பாவை நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காரீயத்தை வெளியேற்ற மருந்து ஏற்றுகிறார்கள். வலி பாதியாகிவிட்டது. இனி பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இதை முதலில் படித்து மூச்சு விடு. பிறகு உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி.

முனிசிபாலிட்டியிலிருந்து ஒரு பெண் வந்து குழாய்த் தண்ணீர், காபிப் பாத்திரம், சட்டிகள், ஊறுகாய்ப் புட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துப் போனாள். என் சமையலறை திருடன் புகுந்த வீடு மாதிரி ஆயிற்று. எல்லாம் நல்லபடி திரும்பி வந்தன, ஒன்றைத் தவிர. நீலப்பூ ஜாடி. அலங்காரத்துக்குச் செய்ததாம். அந்தப் பளபளப்புப் பூச்சில் காரீயம் இருந்திருக்கிறது. நான் செப்டம்பரில் பொறுக்கிய லிங்கோன் பழத்தைக் காய்ச்சாமல், பச்சைத் தண்ணீர் ஊற்றி அதில்தான் போட்டு வைத்தேன். இங்கே எல்லோரும் செய்வதுதான். பழத்தின் புளிப்பே அதைக் கெடாமல் காக்கும். அந்தப் புளிப்புதான் மாதக்கணக்கில் நின்று காரீயத்தைக் கரைத்திருக்கிறது.

எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டாயே. நீ ஜாடியோடு வைத்த அட்டையில் 'அப்பாவுக்கு' என்று மட்டும் எழுதியிருந்தாய். சரி, இது அவருடையது என்று நான் அதில் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. எனக்குக் கண்ணாடிப் புட்டியில் தனியாக வைத்துக்கொண்டேன். சட்டி ஒன்றுதான். ஜாடி மட்டும் ஒன்றில்லை.

தட்டை மாற்றிய நாட்களில் அவர் பயமில்லாமல் குடித்தது அதிலிருந்துதான். "இது எம் பொண்ணு குடுத்தது" என்று சொல்லி அவரே ஊற்றிக்கொள்வார்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. பழத்தை அதில் போட்ட கை என் கை. உன் அப்பாவிடம், பழைய சாமான் சந்தையில் நான் வாங்கிய மண்சட்டி ஒன்றுதான் காரணம் என்று சொல்லியிருக்கிறேன். ஜாடி உடைந்துவிட்டது என்றும் சொன்னேன். "என்னைய கொல்லப் பாத்தது உன் சிக்கனந்தானா!" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவருக்கு ஒரு பெண்தான் இருக்கிறாள்.

குன்வோர்

*

கோத்தன்பர்க்
11 மே 1983

அன்புள்ள அப்பாவுக்கும் குன்வோருக்கும்,

உறையின் மேல் இரண்டு பேர் பெயரையும் எழுதியிருக்கிறேன். குன்வோர், இதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். நடுவில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

அப்பா, சந்தையில் வாங்கிய சட்டி என்று ஒன்று கிடையாது. நான் கொடுத்த ஜாடிதான். அழகாக இருக்கிறது என்று வாங்கினேன், எதனால் செய்தது என்று கேட்கத் தோன்றவில்லை. பழத்தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொன்னதும் நான்தான். அது உடையவுமில்லை. முனிசிபாலிட்டிக்காரர்களிடம் இருக்கிறது. குன்வோர் உங்களிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதையும் எனக்காகச் சொன்னார்.

அவர் தட்டை நீங்கள் இனி மாற்ற வேண்டாம்.

மன்னிப்புக் கேட்டு நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேரில் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ரயிலில் கிளம்பி சனிக்கிழமை மதியம் வந்து சேருவேன். பையில் ரொட்டி எதுவும் எடுத்து வரவில்லை குன்வோர். பசியோடுதான் வருவேன். நீங்கள் சாப்பிடுகிற சட்டியிலிருந்தே எனக்கும் ஒரு தட்டு வையுங்கள்.

அன்புடன்,
யில்வா