நோரீன் இறங்கிப் போன வேன்

மாஸ்மன் ஊருக்குத் தெற்கே, ஓடைக்கரை முகாம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நோரீனுக்கு,

உன் கணவன் கிளாரி தன் கையாலேயே எழுதும் கடிதம். யாரும் உதவவில்லை. உன் தம்பி நெவில் எழுதித் தருகிறேன் என்று வந்தான். பேனாவைத் தொடக்கூட விடவில்லை. இதுவரை எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறி, அதில் ஒரு எறும்பும் விழுந்துவிட்டது. இருந்தாலும் பார், வரி எவ்வளவு நேராக வந்திருக்கிறது. இந்த வயதில் முதல் கடிதம் எழுதுகிறவனுக்கு இது மோசமில்லை.

கார்டுவெல்லில் வேனை விட்டு இறங்கி, போவன் போகிற பஸ்ஸில் ஏறும்போது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சிருச்சுல்ல. எதாவது சொல்லணும்னா எழுதிப் போடு. போன் பண்ணா எடுக்க மாட்டேன்." சொன்னபடியே எடுக்கவில்லை. உன் அக்கா மேவிஸ்தான் எடுத்து, நீ தோட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறாள். காலையில் கேட்டாலும் தோட்டம், மாலையில் கேட்டாலும் தோட்டம். இந்நேரம் போவன் ஊர் முழுவதும் தோட்டமாகியிருக்க வேண்டும்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. நூலகத்து வகுப்பில் ஒரு குளிர்காலம் முழுக்கச் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து படித்தேன். அந்தச் சந்தோஷத்தில்தானே வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினோம்? இங்ஹாம் தாண்டி ஒரு பலகை வந்தது. நீ மடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு இடது பக்கம் திரும்பச் சொன்னாய். நான் பலகையை நானே படிக்கிறேன் என்றேன். படித்து முடிப்பதற்குள் திருப்பம் பின்னால் போய்விட்டது. கரும்புக் காட்டுக்குள் போய் நின்றோம். இது யாருக்கும் நடக்கும். அப்புறம் வரைபடத்தை உன்னிடமிருந்து வாங்கி என் பக்கம் வைத்துக்கொண்டு, "இனிமே நானே பாத்துக்கறேன், நீ நிம்மதியா உக்காரு" என்று நல்ல மனதோடுதான் சொன்னேன். நீ மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாய். கார்டுவெல் வந்ததும் இறங்கிவிட்டாய்.

நிம்மதியாக உட்காரச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிய பெண் இந்தக் கடற்கரையிலேயே நீ ஒருத்திதான். தினமும் டப்பா பீன்ஸ், கடற்கரைக் குழாயில் நீச்சலுடையோடு குளியல், கட்டணமில்லாத முகாம்களின் கழிப்பறை, இதற்கெல்லாம் கோபம் என்றால் எனக்குப் புரியும். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்தாயே.

உனக்குப் பதில் டல்லி ஊரில் நெவில் வந்து ஏறினான். நீதான் அனுப்பினாயாம். பெட்ரோலில் பாதி தருகிறேன் என்றான், இதுவரை பாதியையும் காணோம், கால்வாசியையும் காணோம். வேன் தொட்டித் தண்ணீரை ஒரே குளியலில் தீர்க்கிறான். சாலையோரத்தில் ஆளில்லாத பழக்கடையைக் கண்டால் வாழைப்பழத்தைச் சீப்புச் சீப்பாக எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறான். உண்டியலில் காசு போட நான் திரும்பி நடக்க வேண்டியிருக்கிறது. குறட்டை விடும்போது அடுப்பின் மேல் தொங்கும் கரண்டி ஆடுகிறது.

இந்த ஓடைக்கரையில் ஒரு பலகை இருக்கிறது. இப்போதெல்லாம் எந்தப் பலகையையும் நான் விடுவதில்லை என்று உனக்குத் தெரியும். முதலை உண்டு, தண்ணீர் ஓரத்தில் மீன் சுத்தம் செய்யாதீர்கள் என்று நெவிலுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "முதலைக்குப் படிக்கத் தெரியாது, மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான். தினமும் அதே கல்லில், அதே நேரத்தில் மீன் வெட்டினான். முதலை படிக்காதுதான் நோரீன், ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை மாலை அவன் கத்தியைத் துடைக்கத் திரும்பிய நேரம், வாளியோடு மீனைக் கொண்டுபோய்விட்டது. பயப்படாதே, நெவிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்புதான் போயிற்று. அதுவும் என்னுடையது.

இனி ஓடைப்பக்கம் தூக்கம் வராது, வேனை மேட்டுக்கு ஏற்று என்று பிடிவாதம் பிடித்தான். பின்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும். அப்போது மாலை ஐந்து மணி. முகாமே நாற்காலி போட்டு, கையில் பீரோடு உட்கார்ந்திருந்தது. யாராவது ஒரு ஜோடி வேனை ரிவர்ஸ் எடுத்துச் சண்டை போடுவதுதானே அவர்களுக்கு நாடகம்? நீ இருக்கும்போது நம்மைப் பார்த்து ஏமாந்துதான் போவார்கள். நீ பின்னால் நின்று ஒரு விரலை அசைத்தால் போதும், நான் கண்ணாடியில் பார்த்து அப்படியே கொண்டுவந்து நிறுத்துவேன். நெவில் விமானத்தை இறக்குகிறவன் மாதிரி இரண்டு கையையும் ஆட்டினான். வா என்கிறானா நில் என்கிறானா என்று எனக்கு விளங்குவதற்குள் பின்சக்கரம் இரண்டும் மணலில் புதைந்துவிட்டன. கைதட்டினார்கள், நோரீன்.

பக்கத்து வேன் கெய்லீன் மண்வெட்டியோடு வந்தாள். அவள் கணவன் கயிறு கட்டினான். தோண்டிக்கொண்டே, வழக்கமாக எனக்குக் கை காட்டுவது யார் என்று கேட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"வேலைய விட்டுத் தூக்கிட்டு, நிம்மதியா இருன்னு சொன்னா யாருய்யா நிம்மதியா இருப்பா?"

மறுபடியும் தோண்டத் தொடங்கினாள். சர்க்கரை ஆலையில் ஓய்வு கொடுத்தபோது என்னையும் இப்படித்தான் கேக் வெட்டி, நிம்மதியாக இருங்கள் என்று அனுப்பினார்கள். அந்த வாரம் முழுக்க நான் யாரோடும் பேசாமல் இருந்ததைப் பார்த்தவள் நீ.

நெவிலை நாளை பஸ் ஏற்றிவிடுகிறேன். பலகைகளை நான் படிக்கத்தான் செய்வேன். அதை மட்டும் விடச் சொல்லாதே, அவ்வளவு ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் படித்து முடிக்கும்வரை வேனை ஓரமாக நிறுத்திக்கொள்கிறேன். எங்கே திரும்புவது என்று நீ சொல்.

மாஸ்மன் தபால் நிலையத்துக்கு என் பெயரில் பதில் போடு. கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. மேவிஸை விசாரித்ததாகச் சொல். வெயிலில் தோட்டத்தில் அதிகம் நிற்காதே.

நீ பார்க்க ஆசைப்பட்ட காடு டெய்ன்ட்ரீ ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. வேனைப் படகில் ஏற்றிக் கடக்க வேண்டும். நெவில் எவ்வளவோ நச்சரித்தான், நான் கடக்கவில்லை. படகுத்துறையில் கட்டணப் பலகையை நின்று நிதானமாக இரண்டு முறை படித்தேன். காசு வண்டிக்குத்தானாம், உள்ளே இருக்கும் ஆட்களுக்கு இல்லையாம். நீ வந்தால் ஒரு சென்ட்கூட அதிகமாகாது. இதைவிட நன்றாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஆற்றுக்கு இந்தப் பக்கமே நிற்கும்
உன் கிளாரி