வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மேமோகிராம்

சிங்கப்பூர்

என் உயிர் அக்காவுக்கு,

இதைக் கேள். செம்பவாங்கில் நம் அடுக்குமாடி புளோக்கிலிருந்து இருபத்தொரு பெண்கள் போன மாதம் மார்பகத்தைப் படம் எடுத்துப் பார்க்கும் மேமோகிராமுக்குப் போனார்கள்! நான் ஏற்பாடு செய்த சின்னப் பேருந்தில் இடமே இல்லை. சுகாதாரத் தொண்டராகி ஒரு வருடமாக நான் துண்டறிக்கை நீட்டியபோது, "பாக்கலாம்" என்று கதவைச் சாத்தியவர்கள்தான் எல்லோரும்.

என்ன செய்தேன் தெரியுமா? கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் அழைத்தேன். சிராங்கூன் ரோட்டில் வெற்றிலை பாக்கு வாங்கி, தட்டில் குங்குமத்தோடு ஏந்திப் போய், அவசியம் வரவேண்டும் என்றேன். தட்டைப் பார்த்தபின் மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை. எட்டாம் மாடி பாத்திமா மாமிக்கு மட்டும் குங்குமத்துக்குப் பதில் கற்கண்டு. படம் எடுப்பது பெண்தானா என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டார். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

பரிசோதனை நிலையத்துக்குப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். எல்லோரையும் வரிசையில் உட்காரவைத்துவிட்டு ஓரமாக நின்ற என்னிடம், நீ எடுத்தாச்சா என்று மாமி கேட்டார். எடுத்தாச்சு என்றேன். பொய், அக்கா. உன்னைக் கொண்டுபோன மார்பகப் புற்றுநோய் எனக்கும் இருந்துவிடுமோ என்ற பயத்தில், எனக்கு வந்த இரண்டு அழைப்புக் கடிதங்களையும் கிழித்துப் போட்டிருந்தேன். மாமி என் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கூப்பிட்டவளே வெளிய நின்னா எப்படி? நீ முதல்ல போ லா. நான் பின்னாலயே வர்றேன்."

போனேன். சில நாளில் முடிவு வந்தது. எனக்கு ஒன்றுமில்லை, அக்கா! அடுத்தடுத்த சோதனைகளில் மாமிக்குத்தான் புற்றுக்கட்டி இருப்பது தெரிந்தது. ஆனால் மிகச் சின்னது. ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, குணமாக்கலாம் என்றார் டாக்டர். கூடப் போயிருந்த நானும் மாமியும் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து கட்டிப்பிடித்து அழுதோம், அப்புறம் சிரித்தோம். குவீன்ஸ்டவுனில் இருக்கும் நாத்தனாரையும் மேமோகிராம் எடுக்கச் சொல்லி மாமி இப்போதே போனில் விரட்டிக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை மாமிக்கு அறுவை சிகிச்சை. நான் லீவு போட்டுவிட்டேன். உனக்கு முடிவு சொல்லும் நாளில், "நான் பாத்துக்கறேன், நீ வேலைக்குப் போ" என்றாய். நானும் போய்விட்டேன். ஏன் போனேன்? டாக்டர் சொன்னதை நீ ஒற்றை ஆளாக உட்கார்ந்து கேட்டிருக்கிறாய்.

இனி நம் புளோக்கில் ஒருத்தியும் அதைத் தனியாகக் கேட்க மாட்டாள். உன்மேல் ஆணை.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி மீனா