இடப்பக்கத்து வரி

பிப்ரவரி 4

இன்றும் எல்லாவற்றுக்கும் "சரி"தான். காபி வேண்டுமா? சரி. ஜன்னலைச் சாத்தவா? சரி. பக்கவாதம் வந்தபின் இவர் வாயில் மிஞ்சிய ஒரே சொல். கல்யாணமான நாள் முதல் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தவம் கிடந்தேன். கிடைத்தபின் கேட்கவே பிடிக்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

சக்கர நாற்காலியில் ஜெபக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். எபிரேயர்களின் பழைய துதிப்பாடல்களை எங்கள் சபையில் இரண்டு பக்கமாகப் பிரிந்து பாடுவோம். அவர்கள் எதையும் ஒரு வரியும் அதற்கொரு பதில் வரியுமாகச் சொன்னவர்களாம். "ஆண்டவர் அரசாள்கிறார்" என்று வலப்பக்கத்துப் பெண்கள் தொடங்குவோம். "நம் நடுவில் இருக்கிறார்" என்று இடப்பக்கத்திலிருந்து முதலில் எடுப்பவர் இவர்தான்.

இன்றைக்கும் வாயைத் திறந்தார். பக்கத்திலிருந்த தையல்கடைக்காரர், இவர் சங்கடப்படக் கூடாதென்று, உரக்கப் பாடிவிட்டார். மொத்த வரிசையும் சேர்ந்துகொண்டது. எல்லாம் அன்பினால்தான். இவர் வாயை மூடிக்கொண்டார்.

பிப்ரவரி 9

என்ன அரசாட்சி இது? ஒரு மனுஷனோட பேச்சைப் பிடுங்கிக்கிட்டுத்தான் ஆளணுமா? மாட்டேன். அந்த முதல் வரியை இனி நான் பாடவே மாட்டேன்.

பிப்ரவரி 13

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். கேள்வியெல்லாம் இவருக்கு, பதிலெல்லாம் நான். "நீங்க நல்லாவே பேசுறீங்கம்மா. கொஞ்சம் அவருக்கும் விட்டு வைங்க" என்றாள். என் முகத்தில் அசடு வழிந்தது.

பேச்சு போனாலும் பழகிய பாட்டு சிலருக்கு உள்ளே இருக்குமாம். தொடங்கிவிட்டுக் காத்திருக்கச் சொன்னாள். எந்தப் பாட்டென்று எனக்குத் தெரியாதா? ஆனால் மாட்டேன் என்று எழுதியாகிவிட்டதே.

பிப்ரவரி 15, ஞாயிறு

மழையைச் சாக்கு வைத்துப் போகவில்லை. சாயங்காலம் தையல்கடைக்காரர் பார்க்க வந்தார். பயிற்சிப் பெண் சொன்னதைச் சொன்னேன். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ அவரோட வரியை நான்தான் பறிச்சிட்டேனாம்மா?"

நான் வீட்டில் தினமும் அதைத்தானே செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

போனோம். வலப்பக்கம் தொடங்கியது, நான் மட்டும் பாடவில்லை. பிறகு இடப்பக்கத்தில் சத்தமே இல்லை. தையல்கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்! யாரோ இருமினார்கள். ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. இவர் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அடுத்த வரி, அதற்கும் இடம் விட்டார்கள். கடைசி வரை விட்டார்கள்.

இத்தனை பேர் ஒருவருக்காக வாய் மூடிக் காத்திருந்ததை நான் எங்கும் பார்த்ததில்லை. "நம் நடுவில்" என்று பாடுவது இதைத்தானோ? அழுகை அழுகையாக வந்தது.

பிப்ரவரி 23

இவரிடமிருந்து மறுபடியும் சரி. சரி. சரி.

மார்ச் 3

துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் இவர். திடீரென்று ஒரு குரல் — கரகரப்பாக, ஆனால் மெட்டுப் பிசகாமல் — "ஆண்டவர் அரசாள்கிறார்."

என் வரி. நான் வீம்புக்கு விட்ட வரி.

அதோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பதில் வரி இப்போது என்னுடையது. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். இவர் அவசரப்படவில்லை. எனக்குக் குரல் வரும்வரை காத்திருந்தார்.